பதினெட்டாம் சேனல்

காலை ஒன்பதே கால். ஆமாம், காலைதான். பேய் என்றால் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத்தான் வர வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களா என்ன? இருட்டுக் கதை வேண்டுமென்றால் ட்ரெவ் சொல்வான், அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது பட்டப்பகலில் நடந்தது. ஷேன், அந்த டார்ச்சை அணை. நாற்காலியை இப்படி இழுத்துப் போடுங்கள். இந்தக் காற்றில் கத்திக் கத்திச் சொல்ல என்னால் ஆகாது.

கார்னார்வனிலிருந்து தெற்கே ஜெரால்டனுக்கு வருகிற சாலை. போன வாரம் நாமெல்லாரும் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு அதில்தான் வந்தோம். இரண்டு பக்கமும் இடுப்புயரப் புதர்... காட்டு ஆடு... செத்த கங்காரு... மறுபடியும் புதர். ஐந்து மணி நேரத்துக்கு இரண்டே இரண்டு பெட்ரோல் கடை. போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. அந்தச் சாலையில், செப்டம்பர் முதல் சனிக்கிழமை, ஒரு வெள்ளைக் கார், மூடியைத் தூக்கினால் கேன்வாஸ் கூடாரமும் படுக்கையுமாக விரிகிற பச்சை நிற கேம்பர் ட்ரெய்லர் ஒன்றை இழுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஓட்டியவன் கிளைவ். பக்கத்தில் அவன் மனைவி நோலீன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிறாளே லோர்னா, அவளுடைய அக்காதான் இந்த நோலீன். அதனால் இது காற்றுவாக்கில் வந்த கதை இல்லை. லோர்னா என்னிடம் சொன்னபோது ஈரப் போர்வை ஒன்றை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டிருந்தோம். கடைசி வரை இரண்டு பேரும் அதை மடிக்கவே இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரியும். பயத்தில் இல்லை. கோபத்தில்.

நோலீன் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பஸ்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பிள்ளை இறங்கின பிறகு, பஸ்ஸின் பின்கோடி வரை நடந்து போய் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள். எங்கேயாவது ஒன்று தூங்கிப்போய்க் கிடக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அவளுக்கு அது போகவில்லை. ட்ரெய்லரை மடக்குவதற்கு முன்னால் படுக்கையை, தலையணைகளை, போர்வையை, எல்லாவற்றையும் கையால் ஒரு தடவை தட்டித் தடவிப் பார்ப்பாள். கிளைவ் அதைக் கிண்டல் பண்ணுவான். "யாரைத் தேடறே, உன் பழைய காதலனையா?" என்பான். ஆறு வாரப் பயணத்தில் நாற்பது தடவையாவது இந்த ஜோக்கைச் சொல்லியிருப்பான்.

கடைசி இரவு கடற்கரை ஓரமாக ஒரு முகாமில் தங்கினார்கள். பக்கத்து இடத்தில் ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெண் குழந்தைக்கு ஐந்து வயசிருக்கும், பெயர் இண்டி. அது நோலீனிடம் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் முழுக்க ட்ரெய்லர் படுக்கையில் ஏறுவதும், போர்வைக்குள் ஒளிவதும், "நான் இங்க இல்ல" என்று கத்துவதுமாக இருந்தது. காலையிலும் வந்துவிட்டது. அதன் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பன் தூண்டிலோடு கடலுக்குப் போயிருந்தான்.

கிளைவுக்கு அன்று ஒரே அவசரம். மதியம் இரண்டரைக்கு டிவியில் ஃபுட்பால். பைனலுக்கு முந்தின ஏதோ ஒரு ஆட்டம். அதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். விடிந்ததிலிருந்து, "நோல், சீக்கிரம்... நோல், கெட்டிலை எடு... நோல், கயிறை அவுரு..." என்று ஒரே விரட்டல். நோலீன் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டு குழாயடியிலிருந்து திரும்பி வருவதற்குள் கைப்பிடியைச் சுற்றி மேல்மூடியை இறக்கி, பெல்ட்டுகளை இழுத்துப் பூட்டுப் போட்டுவிட்டான்.

"படுக்கையைப் பாத்தியா, கிளைவ்?"

"பாத்தேன், பாத்தேன். ஏறு."

இவ்வளவுதான். ஏழே காலுக்கு அவள் ஏறிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் தன் கையால் தடவிப் பார்க்காமல் விட்டது அந்த ஒரே ஒரு நாள்.

ஒன்பதே காலுக்கு, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற அந்த ரேடியோ பேசியது. பதினெட்டாம் சேனல்தான், நாமெல்லாரும் வைத்துக்கொள்வதுதான். பின்னால் வருகிற யாராவது உன் டயரைப் பார்த்தோ, திறந்திருக்கிற கதவைப் பார்த்தோ சொல்வார்களே, அப்படி ஒரு குரல். ஆண் குரல். மரியாதையான குரல்.

"அண்ணே... வெள்ளைக் கார், பச்சை ட்ரெய்லர். உள்ள யாரோ தட்டற மாதிரி இருக்குண்ணே. ஒரு தடவ நிறுத்திப் பாத்துடுங்க."

கிளைவ் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் சாலை நேர்கோடாக, வெறுமையாகக் கிடந்தது. லாரி இல்லை, கார் இல்லை. தூசிகூட இல்லை.

"எவனோ விளையாடறான்," என்றான்.

நோலீன் சட்டென்று திரும்பி ட்ரெய்லரைப் பார்த்தாள். கடைசியாக இண்டியை எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். குழாயடிக்குப் போகும்போது படுக்கையில் குதித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது... இல்லை. கிளம்பும்போது கையசைக்க வரவில்லை. மூடியை இறக்கினால் படுக்கைக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு தலையணை உயரம்தான் இடம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"கிளைவ், நிறுத்து."

"எதுக்கு?"

"அந்தக் குழந்த. நீ மூடும்போது அது எங்க இருந்துச்சு?"

"அவங்கப்பன்கிட்ட ஓடியிருக்கும்."

"ஓடினதப் பாத்தியா?"

"நோல், இந்தக் காத்துல மூடியத் திறந்தா கேன்வாஸ் கிழிஞ்சு பறந்துடும். திறந்து மூட முக்கா மணி நேரம் ஆகும். உனக்குத் தெரியாதா?"

கேட்டீர்களா? முக்கால் மணி நேரம். ஒரு குழந்தை உள்ளே இருக்கிறதோ இல்லையோ என்று தெரியவில்லை, அந்த மனுஷன் கணக்குப் பார்த்தது பந்து உருள்கிற நேரத்தை. ட்ரெவ், நீ தலையை ஆட்டாதே. போன வருஷம் உன் நாய் பின்னால் கத்திக்கொண்டு வந்தபோது நீயும் இருபது கிலோமீட்டர் நிறுத்தாமல்தான் வந்தாய்.

போன் பண்ணலாமே என்பீர்கள். கிளைவின் போன் மூன்றாம் வாரமே கடலுக்குள் போயிருந்தது. நோலீனுடைய போன் ட்ரெய்லரின் சமையல் இழுப்பறையில். அதற்கும் பூட்டு. சாவி அவனுடைய கார்ச் சாவிக்கொத்தில்.

பத்தே முக்காலுக்கு மறுபடியும் அதே குரல்.

"அண்ணே, நீங்க இன்னும் நிறுத்தலியே..."

இதைக் கவனியுங்கள். அந்த ரேடியோ ஐந்து கிலோமீட்டர் எட்டினால் பெரிய விஷயம். ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் நூற்றைம்பது கிலோமீட்டர் வந்திருந்தார்கள். பின்னால் ஒருத்தருமில்லை. எதிரே வந்தது இரண்டு கால்நடை லாரி. ஆனால் குரல் அதே தெளிவில், இரைச்சல்கூட இல்லாமல், பின்சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது.

நோலீன் மைக்கை எடுத்தாள். "நீங்க யாருங்க? எங்க இருக்கீங்க?"

அவள் மைக்கைப் பிடித்தபடியே இருந்தாள். வெகுநேரம் கழித்து...

"தட்டறது குறைஞ்சுகிட்டே வருதும்மா."

அவள் கத்தினாள். லோர்னா சொல்கிறாள், அக்கா வாழ்க்கையில் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லையாம். அன்று கத்தினாள். கிளைவைத் தோளில் அடித்தாள். பெட்ரோல் கடை ஒன்று வந்தது. வாசலில் நாலு பேர் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் காரில் பெரிய டாங்க், பெட்ரோல் தேவையில்லை, நூறு கிலோமீட்டர் வேகத்திலேயே தாண்டினான். அவள் ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். நாலு பேரில் ஒருத்தன் சிரித்துக் கையசைத்தான்.

அதற்குப் பிறகு ரேடியோவில் மரியாதை போய்விட்டது.

"யோவ். காது கேக்கலியா? வண்டிய நிறுத்துய்யா."

கொஞ்ச நேரம் கழித்து, "டேய்... நிறுத்துடா. நிறுத்திட்டுத் திறடா. உனக்கு அப்படி என்னடா அவசரம்?"

அந்தக் குரலில் இருந்த கோபம்... லோர்னாவுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. அது கிளைவ் மேல் வந்த கோபம் மட்டும் இல்லை என்று நோலீனுக்குத் தோன்றியதாம். மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க ஏன் இப்படித் துடிக்கறீங்க?"

"நானும் நிறுத்தலம்மா."

அவ்வளவுதான் சொன்னது. கிளைவ் மைக்கைப் பிடுங்கி வீசிவிட்டு, ரேடியோவின் குமிழைத் திருகி அணைத்தான். கார் அமைதியாகிவிட்டது. அப்போதுதான் கேட்டது. காருக்குள் இல்லை, பின்னாலிருந்து, இரும்பு வழியாக ஏறி வந்து சீட்டின் அடியில். விரித்த உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். தப்... தப்... தப். கொஞ்சம் இடைவெளி. தப்... தப். கூடவே ஒரு வாசனை. மூடின அறையில் காய்ச்சலோடு படுத்திருக்கிற குழந்தையின் தலைமுடி வாசனை. பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

நோலீன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஓடுகிற காரின் கதவைத் திறந்தாள். வேறு வழி?

நிறுத்தினான். திட்டிக்கொண்டேதான் நிறுத்தினான். இறங்கிப் போய் ட்ரெய்லரின் மூடியில் காதை வைத்தான். கையால் ரெண்டு அடி அடித்தான். "ஏய், யாரு உள்ள?" ஒன்றுமில்லை. காற்று மட்டும் விசிறியடித்துக்கொண்டிருந்தது.

"காலி. திருப்தியா?"

"திறந்து காட்டு."

"வீட்ல போய்த் திறக்கலாம்."

அவளே பெல்ட்டுகளை அவிழ்க்கப் போனாள். எல்லாவற்றுக்கும் பூட்டு. சாவிக்காக அவன் இடுப்பில் கைவைத்தாள். அறுபத்தொரு வயசுப் பெண்பிள்ளையை, நடுரோட்டில், மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினான். "இங்கயே நில்லு. ஆட்டம் முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு ஏறி எஞ்சினைப் போட்டான். குழந்தை இருக்கிற பெட்டி அவனோடு போகிறது. நிற்க முடியுமா? ஓடி வந்து ஏறினாள். மிச்ச மூன்று மணி நேரமும் திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியே ட்ரெய்லரையே பார்த்தபடி, "இதோ வந்துட்டோம்டா... இதோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். தட்டுகிற சத்தம் எங்கே நின்றது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வழியில் ஒரு ஊர் வந்தது, அங்கேயும் அவன் நிறுத்தவில்லை.

வீட்டு முற்றத்தில் நுழைந்தபோது இரண்டேகால். அவன் இறங்குவதற்குள் சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பூட்டுகள்... பெல்ட்டுகள்... கைப்பிடியைச் செருகிச் சுற்றினாள். மூடி மேலே எழும்பியது. கேன்வாஸ் விரிந்தது.

படுக்கையில் யாருமில்லை.

போர்வையை உதறினாள். தலையணைகளைத் தூக்கி எறிந்தாள். யாருமில்லை. இழுப்பறையைத் திறந்து போனை எடுத்து, முகாமில் கொடுத்த ரசீதில் இருந்த நம்பருக்குப் போட்டாள். முகாம்காரி எடுத்தாள்.

"இண்டியா? இங்கதான், என் மேஜை மேல உக்காந்து ஐஸ் திங்குது. காலையில நீங்க சொல்லாமப் போயிட்டீங்கன்னு ஒரே அழுகை. ஏன், என்னாச்சு?"

நோலீன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

கிளைவ் பக்கத்தில் நின்று பார்த்தான். "பாத்தியா? நாள் பூரா என் உசுர எடுத்தியே. பாத்தியா?" அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. உள்ளே போய் டிவியைப் போட்டான். ஆட்டத்துக்கு முந்தின பேச்சு முற்றம் வரை கேட்டது. பிறகு பீர் எடுக்க கராஜ் பக்கம் போனான்.

நோலீன் எழுந்து படுக்கையை ஒழுங்குபடுத்தக் கைவைத்தாள். கை நனைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கேன்வாஸின் உட்பக்கம் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது.

இங்கே இருக்கிற யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. தினமும் காலையில் பார்க்கிறோம். ராத்திரி பூரா உள்ளே மூச்சு விட்டால்தான் அப்படிச் சொட்டும். மழை இல்லை, பனி இல்லை. காலையில் கடற்காற்று காயவைத்த கேன்வாஸைத்தான் மடக்கினார்கள். ஏழு மணி நேரம் அந்தப் பெட்டிக்குள் ஏதோ ஒன்று மூச்சு விட்டிருக்கிறது.

அப்போது காருக்குள் ரேடியோ பேசியது. எஞ்சின் அணைந்திருந்தது. ரேடியோவும் அணைந்திருந்தது. காரின் சாவி அவள் கையில் இருந்தது.

"அம்மா..." கோபமெல்லாம் போயிருந்தது. களைத்துப்போன குரல். "பாப்பா எப்படி இருக்கா?"

ஓடியிருக்க வேண்டும். நாமாக இருந்தால் ஓடியிருப்போம். அவள் போய்க் காரின் கதவைத் திறந்து, தரையில் கிடந்த மைக்கை எடுத்தாள். அந்த ஆளுக்குப் பதில் சொல்லாமல் விட அவளுக்கு மனசு வரவில்லையாம்.

"யாருமில்லைங்க. திறந்துட்டேன். காலியா இருக்கு."

பிறகு ஒரு மூச்சு. ஒரு மனுஷன் பல வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்ததை இறக்கி வைக்கிற மூச்சு.

"அப்ப இறங்கிட்டா."

அத்தோடு சரி. அந்தக் குரல் அதற்குப் பிறகு அவளுக்குக் கேட்டதே இல்லை.

மைக்கைக் கீழே வைத்தாள். முற்றத்தில் காற்றுகூட இல்லை. அப்போது... தப். தப். தப்.

ட்ரெய்லரைப் பார்த்தாள். அது விரிந்து கிடந்தது. சத்தம் கராஜிலிருந்து வந்தது. கராஜின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, தூண்டில் சாமான்களும் பீர் ஃபிரிட்ஜும் அங்கேதான். கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். துருப்பிடித்தது. சுத்தியலால் தட்டினால்தான் நகரும். அது இப்போது முழுசாகப் போட்டிருந்தது.

"நோல்? நோல், கதவு மூடிக்கிச்சு. திற."

கிட்டே போனாள். தாழ்ப்பாளில் கையை வைத்தாள்.

"நோல், லைட் எரியல. திற. உள்ள... நோல், உள்ள யாரோ..."

அவள் கையை எடுக்கவும் இல்லை, தாழ்ப்பாளை நகர்த்தவும் இல்லை. அங்கேயே நின்றாள். வீட்டுக்குள் டிவியில் ஆட்டம் தொடங்குகிற சங்கு ஊதியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அவன் தட்டினான், திட்டினான், மன்னிப்புக் கேட்டான், மறுபடியும் திட்டினான். அப்புறம் தட்டுவதை நிறுத்திவிட்டான். சட்டென்று நின்றுபோனது.

"எவ்ளோ நேரம்க்கா நின்னே?" என்று லோர்னா கேட்டிருக்கிறாள்.

"உடனே திறந்துட்டேன்டி," என்றாளாம் முதலில். பத்து நாள் கழித்து அவளாகவே சொன்னாள். "முதல் கால் ஆட்டம் முடிஞ்சு சங்கு ஊதினாங்க. அப்பத்தான் திறந்தேன்."

அரை மணி நேரம். இதில் நோலீனைக் குறை சொல்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நானாக இருந்தால் நாலு கால் ஆட்டமும் முடியட்டும் என்று டீ போட்டுக் குடித்திருப்பேன்.

திறந்தபோது கிளைவ் தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. இடது கையை நீட்டி, அந்தரத்தில் அப்படியே வைத்திருந்தான். அவளைப் பார்த்தும் கையை இறக்கவில்லை. அந்த அறையில் வேறு யாருமில்லை. அவன் அன்றைய ஆட்டத்தைப் பார்க்கவில்லை. இன்று வரை எந்த ஆட்டத்தையும் பார்ப்பதில்லை. ட்ரெய்லர் முற்றத்திலேயே விரித்தபடி இருக்கிறது. மடக்க விடமாட்டேன் என்கிறான். மழையிலும் வெயிலிலும் கேன்வாஸ் இற்றுப் போய்விட்டது.

உள்ளே என்ன நடந்தது என்று நோலீன் கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவனே சொன்னான்.

"இருட்டுல ஒரு சின்னக் கை வந்து என் விரல்களப் பிடிச்சுக்கிச்சு, நோல். பயமுறுத்தணும்னு பிடிக்கல. நான் தட்டத் தட்ட, என் கையக் கதவுலேர்ந்து மெதுவா இழுத்து இழுத்துக் கீழ விட்டுச்சு. அப்புறம் காதுகிட்ட வந்து சொல்லுச்சு..."

துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னானாம்.

"'தட்டாதீங்க. கேட்டாலும் திறக்க மாட்டாங்க'ன்னு."